ஓசோன் ஓட்டை மூடுகிறதா, இல்லையா? தென்துருவத்தில் 70 வருடமாக ஓடும் கணக்கு

2020 ஏப்ரல் கடைசி வாரம். ஊரெங்கும் ஊரடங்கு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் கபசுரக் குடிநீர்க் குறிப்புகளுக்கு நடுவே இன்னொரு தகவலும் சுற்றியது. மனிதர்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்ததால் வானத்தில் இருந்த ஓசோன் ஓட்டை மூடிக்கொண்டதாம். கும்பிடு போடும் எமோஜிகளோடு அது ஃபார்வேர்டு ஆகிக்கொண்டே இருந்தது.

பாதி உண்மை. ஓர் ஓட்டை மூடியது நிஜம்தான். ஆனால், அது நாம் பள்ளிப் பாடத்தில் படித்த தென்துருவ ஓட்டை அல்ல. அந்த வருடம் மார்ச்சில் வடதுருவத்துக்கு மேலே திடீரென உருவான ஒன்று. அங்கே அந்த அளவுக்கு ஓசோன் குறைவது அபூர்வம். அந்தக் குளிர்காலத்தில் வடதுருவத்தின் மேலடுக்குக் காற்று வழக்கத்தைவிடக் கடுமையாக, நீண்ட நாள் உறைந்து கிடந்தது. அதனால் ஓசோன் கரைந்தது. ஏப்ரலில் காற்று சூடானது, வெளியிலிருந்து ஓசோன் உள்ளே வந்தது, ஓட்டை போய்விட்டது. ஏப்ரல் 23-ம் தேதி ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை இதைத்தான் அறிவித்தது. ஊரடங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஓசோனைத் தின்னும் ரசாயனங்கள் வானத்தில் 50 வருடம், 100 வருடம் தங்குபவை. ஒரு மாதம் பஸ் ஓடாததை அவை கவனிக்கக்கூட இல்லை.

அந்தத் தகவலை நம்பியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓட்டை சின்னதாகிவிட்டால் ஓசோன் படலம் குணமாகிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், ஒரு வருடம் ஓட்டை சிறுத்துப்போவது வேறு, படலம் குணமாவது வேறு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல விஞ்ஞானிகளுக்கு ஏறத்தாழ 30 வருடங்கள் பிடித்தன. காயத்தைக் கண்டுபிடித்ததைவிட, காயம் ஆறுவதைக் கண்டுபிடித்ததுதான் கடினமான வேலை.

இரண்டு ரூபாய் நாணயக் கனம்

தரையிலிருந்து 15 கிலோமீட்டருக்கு மேலே தொடங்கி 35 கிலோமீட்டர் வரை பரவிக் கிடக்கிறது ஓசோன். கேட்கும்போது ஏதோ பெரிய போர்வை போலத் தோன்றும். ஆனால், தலைக்கு மேலே உள்ள ஓசோன் அத்தனையையும் கீழே கொண்டுவந்து, தரைமட்டக் காற்றழுத்தத்தில் பரப்பினால் அதன் கனம் 3 மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வரும் உயரம். சூரியனின் ஆபத்தான புறஊதாக் கதிர்களிலிருந்து பயிரையும் தோலையும் கண்ணையும் காப்பது அவ்வளவுதான்.

இந்தக் கனத்தை அளக்கும் அலகுக்கு டாப்சன் என்று பெயர். 3 மில்லிமீட்டர் என்றால் 300 டாப்சன். தென்துருவத்துக்கு மேலே 220 டாப்சனுக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தப் பரப்பை 'ஓட்டை' என்று கணக்கில் எடுப்பார்கள். காரணம், 1979-க்கு முந்தைய அளவீடுகளில் அங்கே 220-க்குக் கீழே போனதே இல்லை. ஆக, ஓட்டை என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்று வேலைதான். அது கிழிசல் அல்ல, நைந்துபோன இடம். பழைய வேட்டியை வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் மெலிந்து தெரியுமே, அது மாதிரி.

அலகுக்குப் பெயர் தந்த கோர்டன் டாப்சன், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்தவர். அவருடைய யோசனை எளிமையானது. புறஊதாக் கதிரில் ஓசோன் அதிகமாக உறிஞ்சும் அலைநீளம் ஒன்று, அவ்வளவாக உறிஞ்சாத அலைநீளம் ஒன்று என இரண்டை எடுத்துக்கொள்வது. இரண்டும் தரைக்கு எவ்வளவு வந்து சேர்கின்றன என்று ஒப்பிட்டால், நடுவில் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். 1920-களின் கடைசியில், ஓசோன் உலகமெங்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கத் தன் ஆரம்பகாலக் கருவிகளை நான்கு இடங்களுக்கு அனுப்பினார். அமெரிக்காவின் டேபிள் மவுன்டன், எகிப்தின் ஹெல்வான், நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச். நான்காவது இடம், நம்ம கொடைக்கானல். அங்கே எடுத்த புகைப்படத் தகடுகள் கப்பலேறி ஆக்ஸ்ஃபோர்டு போய், அங்கேதான் கழுவி அளக்கப்பட்டன.

பின்னாளில் அவர் மேம்படுத்திய கருவி, ஒன்றரை மீட்டர் நீளப் பெட்டி. உள்ளே முப்பட்டகங்களும் கண்ணாடிகளும் இருக்கும். இன்றைக்கும் அதன் வாரிசுகள் உலகம் முழுக்க வேலை செய்கின்றன. செயற்கைக்கோள்கள் வந்த பிறகும் 'இது சரியாகச் சொல்கிறதா' என்று சரிபார்க்க இந்தப் பழைய பெட்டியைத்தான் கேட்கிறார்கள்.

யாரும் கேட்காத கணக்கு

அந்தப் பெட்டிகளில் ஒன்று 1956-ல் அன்டார்க்டிகாவின் ஹாலி என்ற பிரிட்டிஷ் ஆய்வு நிலையத்துக்குப் போனது. சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டுக்கான ஏற்பாடுகளில் ஒன்று அது. ஆய்வு ஆண்டு முடிந்தது. அளப்பது மட்டும் நிற்கவில்லை. வருடத்தில் 105 நாள் சூரியனே தலைகாட்டாத அந்தப் பனித்திட்டில், வெளிச்சம் வந்ததும் அளப்பார்கள், தாளில் எழுதுவார்கள், கப்பல் வரும்போது இங்கிலாந்துக்கு அனுப்புவார்கள். இதனால் என்ன பயன் என்று கேட்டால் அன்றைக்கு உறுதியான பதில் யாரிடமும் இருந்திருக்காது.

1974-ல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் அமெரிக்காவில் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டார்கள். ஃபிரிட்ஜிலும் ஸ்ப்ரே டப்பாக்களிலும் பயன்பட்ட சி.எஃப்.சி வாயுக்கள் மேலே போய்ச் சிதைந்து, அதிலிருந்து பிரியும் குளோரின் ஓசோனைத் தின்னும் என்றார்கள். ஆனால், அப்போதைய மதிப்பீடுகளின்படி பாதிப்பு மெதுவாக, பல பத்தாண்டுகளில்தான் தெரியவரும்.

1977-ல் பிரிட்டிஷ் அன்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார் ஜொனாதன் ஷாங்க்ளின். ஹாலியிலிருந்து வந்து குவிந்திருந்த கைப்பட எழுதிய தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவருடைய வேலைகளில் ஒன்று. நிறுவனத்தைப் பொதுமக்கள் பார்வையிடும் நாளுக்காக ஒரு வரைபடம் தயாரிக்க நினைத்தார். ஓசோனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, பயப்படாதீர்கள் என்று காட்டுவதற்காக! பழைய அளவையும் புதிய அளவையும் பக்கத்தில் வைத்தால், புதிய அளவு கீழே கிடந்தது.

அவருடைய மூத்த சக ஊழியர் ஜோ ஃபார்மன் சுலபத்தில் நம்புகிறவர் அல்ல. கருவி பழசாகிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தது. வேறு கருவி போனது. அதுவும் குறைவாகவே காட்டியது. ஹாலியிலிருந்து 1,600 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த இன்னொரு பிரிட்டிஷ் நிலையத்தின் கணக்கையும் எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் குறைவு. ஒரு காலத்தில் அக்டோபர் மாதச் சராசரி 300 டாப்சன். 1984-ல் அது 200-க்கும் கீழே. ஃபார்மன், பிரையன் கார்டினர், ஷாங்க்ளின் மூவரின் கட்டுரை 1985 மே 16-ல் 'நேச்சர்' இதழில் வந்தபோது உலகம் திடுக்கிட்டது.

அப்போது நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் அதே வானத்தைத் தினமும் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண்ணில் படவில்லையா? பட்டது. 180 டாப்சனுக்குக் கீழே வரும் எண்களைச் 'சந்தேகத்துக்குரியவை' என்று குறித்துவைக்கும்படி மென்பொருளை அமைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டதாக ஒரு கதை இன்றும் உலவுகிறது. அது சரியல்ல. குழுவினர் அந்த எண்களைக் கவனித்தார்கள். ஆனால், தென்துருவத்தில் இருந்த தரைக்கருவி சுமார் 300 என்று காட்டியதால் குழம்பினார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்தத் தரைக்கருவியின் கணக்குதான் தப்பு என்று. ஜப்பானின் ஸ்யோவா நிலையத்தில் அளந்த ஷிகேரு சுபாச்சி 1984-லேயே கிரீஸில் நடந்த ஒரு கருத்தரங்கில் தன் குறைந்த அளவீடுகளை முன்வைத்திருந்தார். ஒரே ஒரு வருடத்துக் கணக்கு என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹாலியிடம் இருந்தது ஒரு வருடக் கணக்கு அல்ல. ஒரே இடத்தில், ஒரே மாதிரிக் கருவியால் எடுத்த சுமார் 30 வருடக் கணக்கு.

குற்றவாளி யார்?

தென்துருவத்தில் மட்டும் ஏன் இப்படி? 1986-ல், 30 வயது சூசன் சாலமன் ஒரு குழுவோடு அன்டார்க்டிகாவின் மெக்மர்டோ நிலையத்துக்குப் போனார். அவருடைய விளக்கம் இதுதான். துருவ இரவில் அங்கே காற்று ஒரு சுழலுக்குள் அடைபட்டு, மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே உறைகிறது. அந்தக் குளிரில் 20 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய மேகங்கள் உருவாகின்றன. சாதாரணமாகத் தூங்கிக்கொண்டிருக்கும் குளோரின் சேர்மங்கள் அந்த மேகத் துகள்களின் மேல் பட்டு விழித்துக்கொள்கின்றன. ஆகஸ்ட், செப்டம்பரில் சூரியன் எட்டிப் பார்த்ததும் வேட்டை தொடங்குகிறது. அங்கே அப்போதுதான் வசந்தம்.

மறுவருடம் சிலியின் புன்டா அரினாஸிலிருந்து ஓர் ஆய்வு விமானம் அந்தச் சுழலுக்குள்ளேயே பறந்தது. ஓசோனைத் தின்னும் குளோரின் மோனாக்சைடு எங்கே ஏறியதோ, அங்கே ஓசோன் இறங்கியது. இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால், கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று நேர்மாறு. அந்தப் புகழ்பெற்ற வரைபடத்துக்கான பறப்பு நடந்தது 1987 செப்டம்பர் 16. அதே நாளில்தான் கனடாவின் மான்ட்ரியல் நகரில் சி.எஃப்.சி-யைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் நாடுகள் கையெழுத்திட்டன. தற்செயல்தான், ஆனாலும் நல்ல தற்செயல். செப்டம்பர் 16 இன்று உலக ஓசோன் தினம்.

அதன்பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. ஒப்பந்தம் படிப்படியாக இறுக்கப்பட்டது. இன்று அதில் 198 தரப்புகள் இருக்கின்றன. இந்தியா 2008-ல் சி.எஃப்.சி உற்பத்தியை நிறுத்தியது, ஆஸ்துமா இன்ஹேலருக்கு மட்டும் சிறிய விலக்கு. கட்டுப்பாட்டில் உள்ள பொருள்களில் 99 சதவிகிதம் உலகளவில் ஒழிக்கப்பட்டுவிட்டது. தென்துருவ வானத்தில் குளோரின் அளவு 2000-ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டு, இறங்கத் தொடங்கியது.

ஒப்பந்தம் வேலை செய்கிறது, குளோரின் குறைகிறது என்றால் ஓட்டையும் குறைய வேண்டுமே?

தொட்டி காலியான பிறகு

சிக்கல் இங்கேதான். குளோரின் குறைவது வருடத்துக்கு ஒரு சதவிகிதத்துக்கும் கம்மி. ஓட்டையின் பரப்போ வருடத்துக்கு வருடம் தாறுமாறாக ஏறி இறங்கும். குளிர் கூடினால் ஓட்டை பெரிது. சுழல் பலவீனமானால் சிறிது. எங்காவது எரிமலை வெடித்தால் அதன் துகள்கள் மேலே போய்க் குளோரினுக்குத் தோள் கொடுக்கும். 2000 செப்டம்பரில் ஒருநாள் ஓட்டை கிட்டத்தட்ட 3 கோடி சதுர கிலோமீட்டரைத் தொட்டது. ஒன்பது இந்தியாக்களின் பரப்பு! 2006-லும் அதற்குச் சளைக்காத ஓட்டை. ஆனால், 2019-ல் மேலடுக்குக் காற்று திடீரெனச் சூடானதால், முந்தைய வருடத்தின் பாதிகூட இல்லை. 1982-க்குப் பிறகு மிகச் சிறிய ஓட்டை என்று செய்திகள் வந்தன. விஞ்ஞானிகள் சந்தோஷப்படவில்லை. அது காற்றின் புண்ணியம் என்பது அவர்களுக்குத் தெரியும். அடுத்த வருடமே ஓட்டை பழையபடி பெரிதானது. சந்தைக் கூச்சலுக்கு நடுவே ஒருவர் தினமும் ஒரு நூல் அளவு குரலைத் தாழ்த்திக்கொண்டே வருகிறார் என்பதைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை.

இதில் இன்னொரு கோளாறு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த மாதம். ஹாலி காலத்திலிருந்தே ஓட்டையை அக்டோபர் கணக்கில்தான் பேசுவது வழக்கம், அப்போதுதான் ஓசோன் அடிமட்டத்தில் இருக்கும் என்பதால். தென்துருவ நிலையத்திலிருந்து அமெரிக்க விஞ்ஞானிகள் 1986 முதல் ஓசோன் அளக்கும் பலூன்களை விடுகிறார்கள். குளிரில் ரப்பர் விறைத்துவிடும் என்பதால் குளிர்கால பலூன்கள் மெல்லிய பிளாஸ்டிக்கில் ஆனவை. அவை தரும் கணக்கின்படி, மோசமான வருடங்களில் அக்டோபர் தொடங்கும்போது சுமார் 14-லிருந்து 21 கிலோமீட்டர் உயரம் வரை ஓசோன் ஏறக்குறைய பூஜ்யம். மீதி இருப்பது அதற்கு மேலும் கீழும்தான்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளம்பர் வந்து பாதி அடைத்துவிட்டுப் போகிறார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் தொட்டி காலி. மறுநாள் சாயங்காலமும் காலி. பிளம்பர் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். ஆனால், காலையில் போய்ப் பார்த்தால் தெரியும், தண்ணீர் முன்பைவிட மெதுவாக வடிகிறது. அக்டோபர் என்பது சாயங்காலம். பார்க்க வேண்டியது செப்டம்பரை.

2016-ல் சூசன் சாலமனும் அவர் குழுவும் அதைத்தான் செய்தார்கள். செப்டம்பர் மாதங்களை மட்டும் எடுத்து, 2000-லிருந்து 2015 வரை வரிசையாக வைத்தார்கள். ஓட்டை 40 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் சுருங்கியிருந்தது. அதில் பாதிக்கும் மேற்பட்ட சுருக்கத்துக்குக் குளோரின் குறைந்ததே காரணம் என்று கணக்கிட்டார்கள். ஆனால், 2015-ல் ஓட்டை மறுபடி பெரிதாக இருந்ததே? சிலியில் கால்புகோ எரிமலை அந்த வருடம் வெடித்திருந்தது. அதைக் கழித்துப் பார்த்ததும் கணக்கு நேரானது.

நாசாவைச் சேர்ந்த சூசன் ஸ்ட்ராகன், ஆன் டக்ளஸ் இருவரும் 2018-ல் வேறு வழியில் போனார்கள். ஓசோன் தீர்ந்துபோன பிறகு குளோரினுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. அது மீத்தேனோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மாறி ஒதுங்கிவிடும். ஆகவே, அக்டோபர் நடுவில் அந்த அமிலத்தை அளந்தால், சுழலுக்குள் மொத்தம் எவ்வளவு குளோரின் இருந்தது என்று தெரிந்துவிடும். விருந்து முடிந்த பந்தியில் இலைகளை எண்ணி, சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று கண்டுபிடிக்கும் சமர்த்து! ஔரா செயற்கைக்கோள் தந்த தகவலின்படி, குளோரின் குறைந்திருந்தது. குளிர்கால ஓசோன் இழப்பும் 2005-ஐவிட 2016-ல் 20 சதவிகிதம் குறைவு.

மறுபடி குழப்பம்

இத்தோடு கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. 2020 முதல் 2023 வரை தொடர்ச்சியாக நான்கு வருடங்கள் ஓட்டை பெரிதாக, நீண்ட நாள் நீடித்தது. ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின் புகை மேலடுக்குக்குப் போயிருந்தது. 2022 ஜனவரியில் டோங்கா அருகே கடலுக்கடியில் வெடித்த ஹங்கா எரிமலை சுமார் 15 கோடி டன் நீராவியை வானத்துக்குள் பீய்ச்சியது. 2023 நவம்பரில் நியூஸிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓட்டையின் மையப்பகுதியில் 2004-ஐவிட 26 சதவிகிதம் ஓசோன் குறைந்திருக்கிறது, குணமாகிறது என்ற நம்பிக்கையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதினார்கள். மற்ற விஞ்ஞானிகள் விடவில்லை. 2019 போன்ற சிறிய ஓட்டை வருடங்களை விலக்கிவிட்டு, தீயும் எரிமலையும் புகுந்த வருடங்களைக் கடைசியில் வைத்தால் கோடு கீழே போகாமல் என்ன செய்யும் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால், அந்த ஆய்வு எழுப்பிய சந்தேகமும் வீண் அல்ல. மையப்பகுதியில் காற்றோட்டமே மாறுகிறதா என்பது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம்.

2025 மார்ச்சில் சாலமனின் எம்.ஐ.டி குழு, பெய்டாங் வாங் என்ற மாணவரின் தலைமையில், 'நேச்சர்' இதழில் பதில் சொன்னது. இந்த முறை அவர்கள் ஒரே ஒரு எண்ணைப் பார்க்கவில்லை. குளோரின் குறைவதால் ஓசோன் திரும்பினால், அது எந்த மாதத்தில், எந்த உயரத்தில், எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கம்ப்யூட்டர் மாதிரிகளில் ஒரு 'கைரேகை' எடுத்தார்கள். காற்றின் ஏற்ற இறக்கத்தால் வரும் மாற்றத்துக்கு அந்த ரேகை பொருந்தாது. பிறகு செயற்கைக்கோள் பதிவில் அதே ரேகை இருக்கிறதா என்று தேடினார்கள். இருந்தது. ஓசோன் மீள்வதற்கு முக்கியக் காரணம் ரசாயனங்களைக் குறைத்ததுதான் என்று 95 சதவிகித உறுதியோடு சொன்னார்கள். 'நிச்சயம்' என்று சொல்ல விஞ்ஞானிகள் தயங்கும் இடத்தில், இது பெரிய வார்த்தை.

2024-ல் ஓட்டை 1992-க்குப் பிறகு ஏழாவது சிறியது. 2025-ல் ஐந்தாவது சிறியது. செப்டம்பர் 7 முதல் அக்டோபர் 13 வரையிலான சராசரி 1.87 கோடி சதுர கிலோமீட்டர். இப்போதும் அது ஐந்தரை இந்தியாவுக்குச் சமம். இந்த இரண்டு வருடங்களை மட்டும் வைத்து யாராவது ஃபார்வேர்டு அனுப்பினால், 2019-ஐ ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

திருட்டுத்தனம் பிடிபட்ட விதம்

ஓட்டையை மட்டும் அளந்தால் போதாது, அதை உண்டாக்கும் வாயுவையும் அளக்க வேண்டும். அதன் அருமை 2018-ல் தெரிந்தது. ஹவாயின் மவுனா லோவா உள்ளிட்ட நிலையங்களில் காற்றைப் பிடித்து அளந்துவரும் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீபன் மான்ட்ஸ்கா, ஒரு விநோதத்தைக் கண்டார். தடை செய்யப்பட்ட சி.எஃப்.சி-11 எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை. 2012-க்குப் பிறகு யாரோ வருடத்துக்குச் சுமார் 13,000 டன் கூடுதலாக வெளியிடுகிறார்கள். எந்த நாடும் ஒப்புக்கொள்ளவில்லை. கொரியாவின் ஜேஜு தீவிலும் ஜப்பானின் ஹடேருமா தீவிலும் இருந்த கருவிகள், எந்தப் பக்கத்துக் காற்று வீசும்போது அளவு எகிறுகிறது என்று காட்டிக்கொடுத்தன. 2019-ல் வந்த ஆய்வு, கூடுதல் அளவில் 40 முதல் 60 சதவிகிதம் கிழக்குச் சீனாவிலிருந்து வருவதாகச் சொன்னது. ஷான்டாங், ஹெபெய் மாகாணங்களைச் சுற்றித்தான் அதில் பெரும்பகுதி. காப்பு நுரை தயாரிப்பில் அது பயன்பட்டிருக்க வேண்டும் என்பது கணிப்பு. விஷயம் வெளியே வந்த பிறகு அந்த வெளியேற்றம் வேகமாகக் குறைந்தது.

அளந்துகொண்டிருந்தவர்கள் இல்லாவிட்டால், அந்த வாயு மேலே போய்ச் சேர்ந்து, பல வருடம் கழித்து ஓட்டையில்தான் தெரிந்திருக்கும்.

கண்காணிக்கும் கண்கள்

உலக வானிலை அமைப்பும் ஐ.நா சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து வெளியிட்ட 2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, தென்துருவ ஓசோன் 1980-ல் இருந்த அளவுக்குத் திரும்புவது 2066 வாக்கில். வடதுருவத்தில் 2045. மற்ற இடங்களில் 2040. தென்துருவ வானத்தில் குளோரினும் அதன் கூட்டாளி புரோமினும் உச்சத்திலிருந்து 1980 அளவுக்கு இறங்க வேண்டிய தூரத்தில், 2022 தொடக்கத்தில் கடந்திருந்தது கால் பங்குதான். ஆனாலும் 2035 வாக்கில் ஏதாவது ஒரு வருடம் ஓட்டையே விழாமல் போகக்கூடும் என்பது சாலமனின் கணிப்பு.

அதைப் பார்ப்பதற்குக் கருவிகள் இருக்க வேண்டுமே என்பதுதான் இப்போதைய கவலை. இலைகளை எண்ணித் தந்த அந்த ஔரா செயற்கைக்கோள் 2004-ல் ஏவப்பட்டது. ஐந்தாறு வருடங்களுக்கென்று அனுப்பியது, 20 வருடங்களைத் தாண்டி உழைத்துவிட்டது. மின்சக்தி குறைந்து, ஓய்வு பெறும் நேரம் நெருங்கிவிட்டது. ஓசோனை மட்டும் அளக்க வேறு செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. ஆனால், குளோரினையும் ஓசோனையும் உயரவாரியாக, தினமும், இருட்டிலும் அளக்கும் அதன் திறமைக்குச் சரியான வாரிசு இன்னும் மேலே போகவில்லை. நடுவில் சில வருடங்கள் கணக்கு விட்டுப்போனால், கைரேகையில் ஒரு விரலே இல்லாத மாதிரி.

ஹாலியின் கதையும் கொஞ்சம் பரிதாபம்தான். நிலையம் நின்றிருந்த பனித்தட்டில் விரிசல் விழுந்ததால், 2016-17 கோடையில் கட்டடங்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டுபோய் 23 கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள். இன்னொரு விரிசலும் வந்தது. 2017 முதல் குளிர்காலத்தில் அங்கே யாரும் தங்குவதில்லை. அதற்காக 1956-ல் தொடங்கிய கணக்கை நிறுத்த மனமில்லை. ஆள் இல்லாமலே இயங்கும்படி டாப்சன் கருவியை மாற்றினார்கள். ஒரு சிறிய டர்பைன் மின்சாரம் தருகிறது. ஆகஸ்டில், மூன்றரை மாத இருட்டு முடிந்து அடிவானத்தில் சூரியன் தலைகாட்டும்போது, ஆளில்லாத அந்த நிலையத்தில் கருவி அந்த வருடத்துக் கணக்கை எழுதத் தொடங்குகிறது.